சாலை என்னைப் பார்க்க வந்தது

மலைச்சரிவில் கிடந்த பாறை நான். ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் நகரும் மண்ணிடம், "உனக்கு ஒரு இடத்தில் நிற்கவே தெரியாதா?" என்று கேட்பேன்.

கீழே இருந்த தார்ச்சாலை வருடா வருடம் கிட்டே வந்தது. என்னைப் பார்க்கத்தான் மலையேறி வருகிறது என்று மண்ணிடம் பெருமையடித்தேன்.

"சாலை அங்கேயேதான் இருக்கு அண்ணே. உங்களைச் சுமந்துக்கிட்டு நான்தான் இறங்கறேன்" என்றது மண்.

பொறாமையில் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்றைய மழையில் இருவரும் சாலை நடுவே போய் விழுந்தோம். இரண்டு பக்கமும் பஸ்கள் வரிசையாக நின்று ஹாரன் அடித்தன. விழுந்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

"பார்த்தியா, எத்தனை பேர் எனக்காகக் காத்திருக்காங்க" என்றேன் மண்ணிடம்.