தாமதமே இல்லாத பெட்டி

வீட்டுக் கம்ப்யூட்டரில் பாட்டுப் பதிவு செய்ய ஒரு மைக், ஒரு ஹெட்போன், இரண்டையும் இணைக்க ஒரு சின்னப் பெட்டி போதும் என்றார் கடைக்காரர்.

"பாடுறது காதுக்கு லேட்டா வருது, அதான் என் தொல்லை," என்றார் வாங்க வந்தவர்.

"இதுல தாமதமே கிடையாது சார். நம்பி எடுத்துட்டுப் போங்க."

வீட்டில் ஹெட்போனைப் பார்த்ததும் அவர் மனைவி சிரித்தாள். "இத்தனை வருஷம் நான் கத்துனதே உங்க காதுல ஏறல. இப்ப காதை மூட மெஷின் வேறயா?"

"உனக்காக ஒரு பாட்டு பாடலாம்னுதான்டி."

"நல்ல நேரம் பார்த்தீங்க."

மைக் முன்னால் உட்கார்ந்தார். வாயைத் திறப்பதற்குள் முதல் வரி அவர் குரலிலேயே காதில் ஓடியது. மெஷின் கோளாறு என்று நினைத்து, அதன் பின்னாலேயே பாடிக்கொண்டு போனார். சரணத்தின் நடுவில் காதில் பாட்டு நின்றுபோனது. அதே ஹெட்போனில் சூட்கேஸ் சக்கரம் தரையில் உருளும் சத்தம் கேட்டது. "நான் கிளம்புறேங்க" என்றாள் மனைவி. கதவு சாத்தப்பட்டது.

ஹெட்போனைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் திரும்பினார்.

மனைவி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பாட்டு அதுக்குள்ள நின்னுபோச்சு?" என்றாள், நிமிராமலே.

மடித்து வைத்ததில் அவருடைய துணி ஒன்றுகூட இல்லை.