தூண்டில் முடிச்சு

சண்முகநாதன் ஒரு தூண்டில் முள்ளையும் ஒரு பாகம் நீள நைலோன் நூலையும் மேசையில் செல்வரட்ணத்தின் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

"கட்டிப் பாருங்கோ அண்ணை. அங்க போட்டில போயிருந்து பழகேலாது."

செல்வரட்ணம் நூலைத் தொடவில்லை. தொட்டால் விரல்கள் தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிடும் என்று பயந்தார்.

சண்முகநாதன் மாப்பிள்ளையின் தகப்பன். செல்வரட்ணத்தின் இளையவள் மெலிசாவுக்கும் அவருடைய மகன் நிதுசனுக்கும் செப்டெம்பரில் கலியாணம். கலியாண ஹோலும் புக் பண்ணியாயிற்று.

அதற்குள் இப்படி ஒரு பயணம். வருகிற சனிக்கிழமை, தகப்பன்மார் இருவர் மட்டும், வடக்கே நிப்பிசிங் ஏரியில் இரண்டு நாள் மீன்பிடி. கொட்டேஜ், போட், லைசென்ஸ் எல்லாம் எடுத்துவிட்டாராம். திட்டம் போடவென்று மில்லிக்கனில் இருக்கும் தன் வீட்டுக்கு வரச்சொல்லி, ஏரியின் வரைபடத்தையும் விரித்து வைத்திருந்தார்.

சோழியன் குடுமி சும்மா ஆடாது. சம்பந்தியோடு பழகுவதற்கு ஒரு தேத்தண்ணி போதும். உலகத்தில் எத்தனையோ பொழுதுபோக்கு இருக்க, மனுஷன் ஏன் மீன்பிடியைத் தேடி எடுத்தார்?

கேட்டு அறிய முடியாததைப் பார்த்து அறியத்தான். வேறென்ன.

முதல் சந்திப்பிலேயே ஊர் எது என்று கேட்டார். யாழ்ப்பாணம் ரவுண் என்றார் செல்வரட்ணம். ரவுணில் எவ்விடம் என்று கேட்டார். சேர்ச்சடி என்றார். அப்பா என்ன வேலை என்று கேட்டார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக் என்றார்.

அப்பா கச்சேரி வாசலைக்கூட மிதித்ததில்லை. பாஷையூரில் வள்ளம் வைத்திருந்தவர். செல்வரட்ணமும் பத்தொன்பது வயதுவரை அந்த வள்ளத்தில் கடலுக்குப் போனவர்தான். அதில் அவருக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை.

ஆனால் மூத்தவளுக்குப் பேசிய சம்பந்தம் பாஷையூர் என்ற ஒரு சொல்லோடு நின்றது. கடற்கரை ஆட்களாம், மீன்பிடிக்கிற சாதியாம் என்று யாரோ ரெலிபோனில் சொன்னார்கள், அவ்வளவுதான். பிள்ளை மூன்று மாதம் அறைக்குள்ளேயே கிடந்தாள். அன்றைக்குத்தான் அப்பா கச்சேரியில் கிளாக் ஆனார்.

இளையவளும் அப்படிக் கிடப்பதைப் பார்க்க அவருக்கு நெஞ்சில் பலமில்லை.

இந்த வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்தே ஒரு மாதிரி. வேதக்காரப் பெண், சேர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றபோதும் முகம் சுளிக்கவில்லை. பிள்ளைகள் விரும்பிவிட்டார்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். தங்கள் பக்கம் கடலுக்குத் தள்ளியிருக்கிற சுன்னாகத்தில் புகையிலைத் தோட்டம் என்பதையும், யாரும் கேட்காமலே, மூன்று தரம் சொன்னார். அவ்வளவு லேசாகச் சம்மதித்ததே செல்வரட்ணத்துக்கு இடித்தது.

இப்போது சண்முகநாதன் வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"உதில ஆழம் மாறுது. உதிலதான் மீன் நிக்கும்." பிறகு அவசரமாக, "எண்டு யூடியூப்பில சொல்லுறாங்கள்" என்றார்.

செல்வரட்ணம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தூண்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நூல் எந்தப் பக்கத்தால் போகும் என்று கேட்டார். பிறகு சப்பாத்து லேசுக்குப் போடுவதுபோல ஒரு பூ முடிச்சுப் போட்டார். அப்பா பார்த்திருந்தால் பிடரியில் ஒன்று விழுந்திருக்கும்.

சண்முகநாதன் அந்த விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இழுத்தபோது முடிச்சுக் கழன்று, தூண்டில் வரைபடத்து ஏரியின் நடுவில் விழுந்தது.

சண்முகநாதனின் முகம் வாடிப்போனது. ஆள் பிடிபடவில்லை என்ற ஏமாற்றமாக்கும் என்று செல்வரட்ணம் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார்.

"எனக்கும் உதொண்டும் தெரியாதண்ணை" என்றார் சண்முகநாதன். கைபேசியைத் தேத்தண்ணிக் கோப்பையில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். காலைச் சொறிவதுபோல் ஒருதரம் குனிந்து நிமிர்ந்தார். இன்னொரு தூண்டிலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் தொப்பியோடு வந்து வணக்கம் சொன்னான்.

செல்வரட்ணத்தின் முழங்கை பட்டு ஈயக்குண்டு ஒன்று உருண்டு கீழே விழுந்தது. அவர் எடுக்கக் குனிந்தார்.

குண்டு கையில் ஆம்பிட்டுவிட்டது. ஆனால் அவர் நிமிரவில்லை.

மேசைக்குக் கீழே சண்முகநாதனின் வலது காலில் சொக்ஸ் இல்லை. கழற்றின சொக்ஸ் பக்கத்தில் கிடந்தது. காலின் பெருவிரலில் நூல் ஒரு சுற்றுச் சுற்றி விறைப்பாக நின்றது. மேலே மடியில் இரண்டு கைகளும் பார்க்காமலே ஆறு சுற்றுச் சுற்றி, நுனியைச் செருகி, ஒரு சுண்டு சுண்டி முடிச்சை இறுக்கின.

முடிச்சுக்கு இரண்டு கையும் வேண்டும், நூலை இழுத்துப் பிடிக்கக் கால் வேண்டும். எந்த யூடியூப்பிலும் சொல்லித்தராத பழக்கம் அது. வள்ளத்துக்குள் குந்தியிருந்து வளர்ந்த கால்களுக்குத்தான் வரும். அந்தக் கால் பெருவிரலின் உட்பக்கத்தில், நூல் அறுத்து ஆறின பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதே இடத்தில் அதே தழும்பு செல்வரட்ணத்துக்கும் இருக்கிறது.

மேலே வெள்ளைக்காரன் இன்னும் முதலாவது சுற்றைத்தான் விளங்கப்படுத்திக்கொண்டிருந்தான்.

"குண்டு ஆம்பிட்டுதோ அண்ணை?"

"இன்னும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு, செல்வரட்ணம் தன் வலது கால் சொக்ஸைக் கழற்றினார்.