மான் பட்டன்

"இந்தக் கோட்டு இல்லாம எங்களுக்கு வேல ஓடாதுக்கா. குடுக்க மாட்டோம்," என்று சிவந்தி ஆணியை மறைத்துக்கொண்டு நின்றாள்.

எர்ணாவூர் இறால் கம்பெனியில் குளிர் அறைக்குள் போய்வருகிற பெண்கள் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து அந்த ஒரு கோட்டுதான். கதவுக்கு வெளியே ஆணியில் தொங்கும். உள்ளே போகிறவள் மாட்டிக்கொள்வாள், வெளியே வந்ததும் அடுத்தவளுக்குக் கழற்றிக் கொடுப்பாள். முதுகுப் பக்கம் முழுக்க ஒரு பெரிய பை. டீக்கடை வெந்நீரைப் பாட்டிலில் பிடித்து அதில் போட்டுக்கொண்டால், ஐஸுக்கு நடுவிலும் முதுகு கதகதவென்று இருக்கும். முதலாளி கோட்டு தருகிறேன் தருகிறேன் என்றே இரண்டு தீபாவளியை ஓட்டிவிட்டான்.

இதை அவர்களுக்கு விற்றவளே ஹில்டாக்காதான். கப்பலில் வந்திறங்கும் பழைய துணி மூட்டையைப் பிரித்து விற்கிற கடை, ராயபுரத்தில். அன்றைக்குச் சல்லிசாக விற்றவள், இன்றைக்கு ஒரு ஸ்வெட்டரோடு வந்து நிற்கிறாள்.

"இத்த வச்சுக்கினு அத்தக் குடுங்க. ஒரு வாரம் பொறுத்துக்கோங்க, அப்பால பேசிக்கலாம்."

எதற்கு என்று கேட்டால் மழுப்புகிறாள். கோட்டின் உண்மையான விலை தெரிந்துபோயிருக்கும், வேறென்ன. சிவந்தி வாய்க்கு வந்தபடி திட்டினாள். ஆனால் மற்ற மூன்று பேரும் அக்கா கேட்கிறாளே என்று தலையாட்டிவிட்டார்கள்.

கோட்டை எடுத்துக் கொடுக்கிற சாக்கில், இறால் கத்தியால் ஒரு பட்டனை அறுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள் சிவந்தி. எல்லாம் பித்தளைப் பட்டன்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகத்தின் தலை: பன்றி, நாய், முயல், நரி. இவள் அறுத்தது மான். இனிமேல் எவனுக்கு விற்கிறாளோ பார்க்கலாம் என்று கறுவிக்கொண்டாள்.

ஸ்வெட்டர் ஒன்றுக்கும் உதவவில்லை. இரண்டே நாளில் நாலு பேரில் ஒருத்தியான ராமசெல்விக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. வார லீவு வந்ததும் சிவந்தி பஸ் ஏறிவிட்டாள். கோட்டில்லாமல் திரும்புவதில்லை. வாங்கி வந்து, பர்ஸில் இருக்கிற பட்டனைத் தைத்து, அதே ஆணியில் மாட்டிவிட்டுத்தான் மறுவேலை. ஹில்டாக்காவைக் கேட்க வேண்டிய கேள்விகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டு போனாள்.

கடைக்குள், ஹில்டாக்காவுக்கு எதிரே, கோட்டை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தான் ஜெரின். பழைய வெளிநாட்டுத் துணிகளைத் தேடிப் பிடித்து விற்கிறவன். அவன் அப்பாவுக்கு மண்ணடியில் கம்பெனி யூனிபார்ம் மொத்த வியாபாரம். சிவந்தி தொங்குகிற துணிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"பிரான்ஸ்ல வேட்டைக்காரங்க போட்டதுக்கா. பின்னாடி இருக்கிறது, அடிச்ச முயலைப் போடற பை. எழுபது வருசமாவது ஆயிருக்கும், ஒரு தையல் விடல பாருங்க. இதுக்குன்னே பைத்தியமா அலையறாங்க." பட்டன்களைத் தடவிக்கொண்டே வந்த விரல் ஓரிடத்தில் நின்றது. "அய்யய்யோ, ஒண்ணு இல்லியே. இந்த செட்டு இனிமே எங்கயும் கிடைக்காது. பேசினபடி நாலு தர முடியாதுக்கா. மூணுதான்."

"இன்னா நைனா இப்டி சொல்ற. நாலு பேரு கீறாங்களே."

அப்போதுதான் சிவந்தி மேசையைப் பார்த்தாள். குளிர் அறைக்கென்றே தைத்த, தலையையும் மூடுகிற புதுக் கோட்டுகள் நாலு. அதில் ஒன்றை ஜெரின் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான்.

"நல்லவேள, நீ எடுப்பியோ மாட்டியோன்னு அவுங்களாண்ட வாயத் தொறக்கல," என்றாள் ஹில்டாக்கா. "சரி, மூணே குடு. அந்தப் பெரிய சைஸ மட்டும் எடுத்துடாத. அது சிவந்திக்கு."

"உங்களக் கண்டபடி திட்டினாங்கன்னீங்களே, அவங்களுக்கா?"

"திட்டட்டுமே. நாலு பேருக்காவத்தான திட்டுனா. அவளுக்கு இல்லாம எவளுக்குக் குடுக்கறது?"

சிவந்தி துணிகளை விலக்கிக்கொண்டு போய், பர்ஸைத் திறந்து, மானை மேசைமேல் வைத்தாள்.

"நாலா குடு தம்பி," என்றாள். "அறுத்தவ நான்தான்."