நுரைக்காரர்

"அவர் முகத்தை ஒரே ஒரு தடவை காட்டுங்க சார். வேற எதுவும் கேக்கல."

சொல்லிவிட்டு அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த வேகத்திலேயே எழுந்தாள். கண்ணாடிக் கதவு வரை போய்த் திரும்பி வந்தாள்.

எதிரே இருந்தவருக்கு ஆபீசில் 'அழிரப்பர்' என்று பட்டப்பெயர். தெருத்தெருவாகக் கேமரா வண்டியை விட்டுப் படம் பிடித்து, இணைய வரைபடத்தில் ஏற்றும் கம்பெனி அது. படத்தில் விழும் முகங்களை மங்கலாக்குவது அவர் வேலை. இத்தனை காலமும் 'என் முகத்தை எடுத்துடுங்க' என்று சண்டைக்கு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறார். அழித்த முகத்தைத் திருப்பிக் கேட்டு வந்தவள் இவள்தான்.

அவள் போனில் நீட்டிய படம் அவருக்கு நன்றாகத் தெரியும். பழைய தெருப்படங்களில் வேடிக்கையானவற்றைப் பொறுக்கி எவனோ இணையத்தில் போட்டிருந்தான். அதில் இதுதான் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது. ஒரு வீட்டு வாசல், பனியனோடு ஓர் ஆள், இடுப்பில் குழந்தை, வாயில் டூத்பிரஷ். காலைத் தூக்கி ஒரு நாயை விரட்டுகிறார். பனியன் வரைக்கும் நுரை வழிந்திருக்கிறது. முகம் மட்டும் மங்கல். பார்த்தவர்கள் எல்லாம் 'நுரைக்காரர்' என்று பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என் வீட்டுக்காரர் சார். ஊரே சிரிக்குது. எனக்குத்தான் சிரிப்பு வரல."

அழிரப்பருக்குச் சங்கடமாகப் போயிற்று. அன்று காலையில் அவரும்தான் டீ சிந்தச் சிந்தச் சிரித்திருந்தார்.

"அவர் போயி நாலு வருஷமாச்சு," என்றாள் அவள். "பிள்ளைக்கு அப்பா முகமே ஞாபகம் இல்ல."

வீட்டில் வேறு படம் எதுவும் இல்லையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இருந்ததெல்லாம் அவரோடயே போயிடுச்சு சார்."

தீ விபத்தோ, வெள்ளமோ, என்ன கொடுமையோ. அவர் பேச்சை மாற்றி அடையாள அட்டையைக் கேட்டார்.

அவள் மறுபடி எழுந்து நடந்தாள். அவளது பதற்றம் அவரையும் தொற்றிக்கொண்டது. அன்று சாயங்காலம் புதுப் படங்கள் ஏறப்போகின்றன. ஏறியதும் பழைய அசல் எல்லாம் அழிந்துவிடும். அவளுடைய அடையாள அட்டையில் இருந்த பழைய முகவரியையும் படத்து வாசலையும் ஒத்துப் பார்த்தார். சரியாக இருந்தது.

அதே தெருவின் புதுப் படமும் பக்கத்திலேயே திறந்தது. பழையதில் தையல்காரர் மெஷினை வெளியிலேயே போட்டிருந்தார். மாடிக்கு மாடி இரண்டு பெண்கள் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். முகத்தை அழித்து அழித்து அவருக்கு விரல் வலித்த தெரு அது. புதியதில் அந்த வீடே பார்சல் கிடங்காகி ஷட்டர் போட்டிருந்தது. தெருவில் ஆட்கள் இல்லாமல் இல்லை. அத்தனை பேரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாம் உச்சந்தலைதான். அழிக்க ஒரு முகம்கூட இல்லை.

மேனேஜரம்மாவிடம் ஓடினார். மங்கலாக்கிய முகத்தை வெளியே கொடுக்கும் பேச்சே கிடையாது என்று அந்தம்மா கறாராகச் சொன்னார். இவரும் விடவில்லை. புருஷன் போய்விட்டாராம், கையில் ஒரு படம்கூட இல்லையாம், பிள்ளைக்கு அப்பா முகமே தெரியாதாம் என்று மூச்சு வாங்கச் சொன்னார். மேனேஜரம்மா கண்ணாடி வழியே பார்த்தார். அந்தப் பெண் அப்போதும் குட்டி போட்ட பூனையாக நடந்துகொண்டிருந்தாள்.

"பெரிய பிரிண்டா போட்டுக் கொடுங்க," என்று மூக்கை உறிஞ்சினார். "கம்பெனி முத்திரையும் தேதியும் வேணும்னு கேட்டா, அதையும் போட்டுக் கொடுங்க."

அவள் கேட்டாள். போட்டுக் கொடுத்தார்.

அசல் படத்தில் முகம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. நுரைக்கு நடுவே, கேமராவைப் பார்த்து லேசாக அசடு வழியும் முகம். அவள் அதைக் கையில் வாங்கினாள். அவ்வளவு நேரம் நிலைகொள்ளாமல் தவித்தவள், முதல்முறையாக நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

அழிரப்பர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"மனசைத் தேத்திக்கங்கம்மா. அவர் எங்க இருந்தாலும் உங்களையும் பிள்ளையையும் பார்த்துக்கிட்டுதான் இருப்பார்."

"நாளைக்குக் கண்டிப்பா பார்ப்பார் சார், கோர்ட்டுல," என்றபடி அவள் படத்தை மடங்காமல் பைக்குள் வைத்தாள். "'இந்தப் பொம்பளை யாருன்னே தெரியாது, அந்த வீட்டு வாசப்படியை நான் மிதிச்சதே இல்லை'ன்னு எழுதிக் கொடுத்திருக்கார்."