கூட என்ன தருவீங்க?

“வண்டி சரிம்மா. கூட என்ன ஃப்ரீயா தருவீங்க?”

ராஜம்மா ஆன்ட்டி இப்படிக் கேட்டதும் ஷரோனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேச்சு இலவசத்துக்கு வந்துவிட்டால் வண்டி பாதி விற்ற மாதிரி. ஜொகூரில் பொந்தியான் ஊரில் இருக்கும் இந்த வண்டி ஷோரூமில் சேர்ந்ததிலிருந்து அவள் இன்னும் ஒரு வண்டிகூட விற்கவில்லை. மாதம் முடிவதற்குள் ஒன்றாவது விற்காவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மேனேஜர் ரூபேந்திரன்.

ஆன்ட்டியின் கணவர் ஐயாசாமி, வெள்ளி நிற பிக்கப்பின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். பெக்கான் நானாஸ் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மெக்கானிக். அடுத்த மாதம் ஓய்வு.

“சம்பளச் சீட்டு கையில இருக்கறப்பவே லோன் போட்டுடணும்மா. அப்புறம் போனா பேங்க்காரன் நிமிர்ந்துகூட பார்க்க மாட்டான். நெசமா சொல்லு, இது அடிக்கடி படுத்துக்காதே?”

“படுக்காது அங்கிள். நேரத்துக்கு எண்ணெய் மாத்தினா போதும், ஓடிக்கிட்டே இருக்கும்.”

“அதுதான் வேணும்! இவ்வளவு நாளும் மெஷினுக்கு அடியிலயே கிடந்தாச்சு. இனிமே ஸ்பேனரைத் தொட்டேன்னா என் பேரை மாத்திக்கிறேன். பின்னாடி அன்னாசி ஏத்துறேன், முன்னாடி ராஜம்மாவை ஏத்துறேன், ஜொகூர் பூரா சுத்துறேன்!”

“நல்ல வேளை, மாத்திச் சொல்லலை” என்றார் ஆன்ட்டி.

ஷரோன் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“கண்ணாடிக்குக் கறுப்பு டிண்ட் ஒட்டித் தரேன் ஆன்ட்டி.”

“வேணாம். புது வண்டியில நான் போறது நாலு பேருக்குத் தெரிய வேணாமா?”

“காலுக்குப் போட மேட்?”

“வீட்டுல சாக்கு இருக்கு.”

“பின்னாடி மூடறதுக்கு கேன்வாஸ்?”

“அன்னாசிக்கு எதுக்கும்மா குடை?”

ஐயாசாமி கெஞ்சலாக எட்டிப் பார்த்தார். “ஏதாவது ஒண்ணை வாங்கிக்கோயேன் லா.”

“நீங்க சும்மா இருங்க. கேட்டாதான் தருவாங்க.”

ஷரோன் மேனேஜர் அறைக்கு ஓடினாள். தயங்கித் தயங்கி ஏதோ கேட்டாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

“ஆன்ட்டி, பாஸ் யாருக்கும் தராததைத் தரேன்னுட்டாரு. அஞ்சு வருஷத்துக்கு ஃப்ரீ சர்வீஸ்! சின்ன ரிப்பேர்னாகூட எங்க ஆளுங்க வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க. அங்கிள் பானெட்டைத் திறக்கவே வேணாம்!”

ஆன்ட்டி பதறி எழுந்தார். “அலமாக்! அது மட்டும் வேணவே வேணாம்!”

ஐயாசாமிக்கு வாய் பிளந்தது. ஷரோனுக்குக் கண் கலங்கியது. ஆன்ட்டி கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே நடந்தார்.

போச்சு, என்று நினைத்துக்கொண்டே ஷரோன் பின்னால் போனாள். ஆனால் ஆன்ட்டி வாசல் பக்கம் போகவில்லை. கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், வேலி ஓரமாக நின்றார். அங்கே ஒரு பழைய பிக்கப் டயர் இல்லாமல் கட்டைகள் மேல் உட்கார்ந்திருந்தது. லாலாங் புல் கதவு வரை வளர்ந்திருந்தது.

“இது யாரோடதும்மா?”

“யாரோ குடுத்துட்டுப் புதுசு எடுத்துட்டுப் போயிட்டாங்க ஆன்ட்டி. பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போவான்.”

“ஓடுமா?”

ஷரோனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. “ஓடாது. எஞ்சின் போச்சு. கியர்பாக்ஸ் போச்சு. வயரெல்லாம் எலி தின்னுடுச்சு.”

ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்க ஆன்ட்டியின் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“வேற?”

“இனிமே போறதுக்கு அதுல ஒண்ணும் மிச்சமில்லை ஆன்ட்டி.”

“அப்ப இதைக் குடு! லாரியில ஏத்தி எங்க வீட்டு வாசல்ல இறக்கிடணும். இப்பவே புது வண்டிக்குக் கையெழுத்துப் போடச் சொல்றேன்.”

ஷரோன் போய்ச் சொன்னதும் மேனேஜர் சிரித்துவிட்டார். இரும்புக்காரனுக்குக் கொடுப்பதை இந்த அம்மாவுக்குக் கொடுத்தால் என்ன? ஐயாசாமி, மனைவி மனம் மாறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். ரூபேந்திரன் ஷரோனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவளுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது.

“இந்தக் குப்பையை எதுக்கு ராஜம்மா கேட்டே? நான் தொடக்கூட மாட்டேன்” என்று முனகிக்கொண்டே ஐயாசாமி பின்பக்கம் போனார்.

ரசீதை எடுத்துக்கொண்டு பெண்கள் இருவரும் வெளியே வந்து பார்த்தபோது, பழைய பிக்கப்புக்கு அடியிலிருந்து அவருடைய இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“ராஜம்மா, இதைக் காப்பாத்திடலாம் போல இருக்கு லா!” என்று குரல் உற்சாகமாக வந்தது.

ஷரோனால் அடக்க முடியவில்லை. “ஆன்ட்டி, அவ்வளவு நல்ல வண்டியை வாங்கிட்டு, எதுக்கு இந்த ஓடாத வண்டியையும் கேட்டீங்க?”

ஆன்ட்டி அவள் காதருகே குனிந்தார்.

“போன மாசம் ரெண்டு வாரம் லீவு போட்டுட்டு வீட்டுல இருந்தாரும்மா. நல்லா ஓடிக்கிட்டிருந்த வாஷிங் மெஷினும் ஃபிரிட்ஜும் இப்ப ஹால்ல துண்டு துண்டாக் கிடக்குது. இன்னிக்குக் காலையில என் மிக்சியை ஒரு மாதிரியாப் பார்த்தாரு!”