கழற்றாத கம்பி

கம்பியைத் தாங்க முன்பல்லில் ஒட்டியிருந்த ஸ்டீல் துண்டு இடுக்கியோடு வந்ததும், டாக்டர் பிரியம்வதா விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்தாள்.

துண்டு இருந்த இடத்தைச் சுற்றிச் சுண்ணாம்பு பட்டதுபோல ஒரு வெள்ளைத் திட்டு. காற்றுப் பீய்ச்சிக் காயவைத்துப் பார்த்தாள். திட்டு இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

பக்கத்துப் பல்லிலும் அதே திட்டு.

எனாமல் கரைய ஆரம்பித்துவிட்டது என்றாள். எல்லாக் கம்பியையும் இன்றைக்கே எடுத்துவிடலாம்.

நாற்காலியில் சாய்ந்திருந்த ஜெயப்பிரகாஷ் கண்ணை மட்டும் திருப்பி அக்காவைப் பார்த்தான்.

செல்லாயி சுவரோரம் நின்றிருந்தாள். சித்திரைப்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறிச் சிதம்பரம் வரவேண்டும். இருந்தாலும் கம்பி போட்ட நாளிலிருந்து தம்பியை ஒரு தடவைகூட அவள் தனியாக அனுப்பியதில்லை. பெண் பார்த்தாகிவிட்டதா என்று கிளினிக்கில் எல்லோரும் அவனைக் கேலி செய்வார்கள். அவன் வாய் திறக்கமாட்டான்.

கம்பி மேல் தப்பில்லை என்று பிரியம்வதா விளக்கினாள். கம்பிக்கும் பல்லுக்கும் நடுவில் தங்குவதுதான் பல்லை அரிக்கிறது. கடலுக்கு மீன்பிடிக்கப் போனால் என்ன சாப்பிடுகிறான், எப்போது பல் தேய்க்கிறான் என்று கேட்டாள்.

போட்டில் ஏறினால் கரை திரும்பும்வரை பல் தேய்ப்பதில்லை. நல்ல தண்ணீர் குடிக்கவும் சோறாக்கவுமே சரியாக இருக்கும். தூக்கம் வராமலிருக்கச் சர்க்கரை ஜாஸ்தி போட்ட டீ, இல்லையென்றால் பாட்டில் கலர் சோடா என்றாள் செல்லாயி.

வேறு மாதிரிக் கம்பி இருக்கிறதா என்றும் கேட்டாள்.

பல் நிறத்திலேயே பீங்கான் துண்டு இருக்கிறது. அதிலும் அழுக்குத் தங்கும். பல்லைவிடக் கெட்டி; எடுக்கும்போது எனாமலைச் சில்லாகப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும் வரும். கழற்றி மாட்டுகிற, கண்ணாடிபோலத் தெளிவான பிளாஸ்டிக் உறையும் உண்டு. அதை மாட்டிக்கொண்டே கலர் குடித்தால் இதைவிட மோசம். இவன் பல்லின் இடைவெளிக்கு அது போதவும் போதாது.

ஜெயப்பிரகாஷ் வாயை மூடினாலும் மேல் முன்பல்லும் கீழ் முன்பல்லும் தொடாது. முதல் நாள் வந்தபோது நடுவில் விரல் நுழைகிற அளவு இடைவெளி இருந்தது. இப்போது பாதி மூடியிருக்கிறது. கம்பியை எடுத்தால் மறுபடி திறந்துகொள்ளும். அதையும் பிரியம்வதா மறைக்கவில்லை. இடுக்கியை அடுத்த பல்லுக்குக் கொண்டுபோனாள்.

"கழட்டாதீங்க டாக்டரம்மா" என்றாள் செல்லாயி.

பிரியம்வதா திரும்பினாள். கல்யாண அவசரம் என்று நினைத்து, அதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொன்னாள். பெண் வீட்டாரிடம் வேண்டுமானால் தானே பேசுவதாகவும் சொன்னாள்.

பெண்ணே பார்க்கவில்லை என்றாள் செல்லாயி. பிறகு நின்ற இடத்திலிருந்தே சொன்னாள்.

ஒரு ஐப்பசிக் காற்றில் போட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. அவள் வீட்டுக்காரர் பக்கிரி தண்ணீரை இறைத்துக்கொண்டிருந்தார். ஜெயப்பிரகாஷ் வயர்லெஸ்ஸை எடுத்து, ஜி.பி.எஸ். காட்டிய எண்களைக் கரைக்குச் சொன்னான்.

கடைசி எண் செவன்.

அவனுக்கு அப்போதெல்லாம் 'ச' வராது. பல் இடைவெளியில் நாக்கு முன்னால் வந்து 'தெவன்' என்றுதான் விழும். இரைச்சலில் கரைக்கு அது 'லெவன்' என்று கேட்டது.

போட்டுகள் லெவனுக்குப் போய்த் தேடின. இவர்கள் இருந்த இடத்துக்கு வந்து சேர்ந்தபோது டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி ஜெயப்பிரகாஷ் மட்டும் மிதந்தான். கேனின் மறுபக்கத்தைப் பிடித்திருந்த மச்சான் இல்லை.

அதற்குப் பிறகும் ஜெயப்பிரகாஷ் கடலுக்குப் போகாமல் இருக்கவில்லை. ஆனால் எந்தப் போட்டில் ஏறினாலும் மைக்கைத் தொடமாட்டான். பேச்சும் குறைந்துபோனது. ஒருநாள் சோற்றில் கை வைத்தபடியே, இந்தப் பல்லை எங்கே சரி பண்ணுவார்கள் என்று கேட்டான்.

ஜெயப்பிரகாஷ் எழுந்து உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டான்.

பல் தேய்க்கத் தனியாக ஒரு கேன் தண்ணீர் எடுத்துப்போவதாகச் சொன்னான். கலரைத் தொடமாட்டான். டீயும் சர்க்கரை இல்லாமல்தான். வாரா வாரம் வந்து காட்டச் சொன்னாலும் வருவான். அந்தக் கிளினிக்கில் அவன் இவ்வளவு பேசியதே இல்லை. ஒவ்வொரு 'ச'வும் இன்னும் வழுக்கியது. ஆனால் அவன் எதையும் முழுங்கவில்லை, நிறுத்தி நிறுத்திச் சொல்லி முடித்தான்.

பிரியம்வதா இடுக்கியைக் கீழே வைத்தாள். திட்டு பெரிதானால் யார் சொன்னாலும் கேட்காமல் கழற்றிவிடுவேன் என்றாள். அவன் தலையாட்டினான்.

மறுபடி சாயவைத்தாள். பற்களைச் சுத்தம் செய்து, புதுத் துண்டை ஒட்டி, திட்டு இருந்த பற்களில் எல்லாம் மருந்து தடவினாள். கம்பியை முறுக்கும்போது அவன் விரல்கள் நாற்காலிக் கையை இறுக்கின.

அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வேலையினூடே பேசிக்கொண்டிருந்தாள். காற்று, இரைச்சல், பழைய வயர்லெஸ் செட்டு, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம். எல்லாவற்றையும் பல் மேல் போட்டுக்கொள்ளக் கூடாது. கரையில் இருந்தவர்கள் தப்பாகவும் கேட்டிருக்கலாம் இல்லையா?



சுவரோரத்திலிருந்து செல்லாயி சொன்னாள். "கரை செட்டு எங்க வீட்டுலதான் இருக்கு டாக்டரம்மா. அன்னிக்கு லெவன்னு கேட்டு போட்டுங்கள அனுப்புனது நான்தான். நாளைக்கு இவன் கூப்பிட்டாலும் நான்தான் கேக்கணும்."