கரடி தேடிய குடை

"போன மாசம் வந்த உங்க எபிசோடுல கரடி குடையைத் தேடுது, கிடைக்குது, முடிஞ்சுது. கதை ஒரு அங்குலம் நகரலையே. நாளையிலேருந்து நீங்க வர வேண்டாம்" என்று எரிந்து விழுந்துவிட்டுப் போனார் கார்ட்டூன் தொடரின் இயக்குநர்.

எழுத்தாளர் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, முன்பின் தெரியாத ஒருவர் தேடி வந்தார்.

"குடை எபிசோடு எழுதினது நீங்கதானே சார்? இருநூறு தடவை போட்டிருக்கேன்."

எழுத்தாளர் திருதிருவென்று விழித்தார். "அரக்கன் வர்ற எபிசோடைச் சொல்றீங்களா? அதுக்குத்தான் விருது கிடைச்சுது."

"ஐயோ, அதைப் போட்ட அன்னிக்கே நிறுத்திட்டேன். குடை எபிசோடுன்னா முன்கதை தெரிய வேண்டாம், கால் மணியில முடிஞ்சுடும். அதுமாதிரி இன்னும் பத்து எழுதுங்க சார்."

பாராட்டுகிறாரா, கிண்டல் செய்கிறாரா? எழுத்தாளருக்கு மண்டை குழம்பியது. "நீங்க விமர்சகரா?"

"குழந்தைங்களுக்கு முடி வெட்டுற கடை வெச்சிருக்கேன் சார். கடை டிவியில அரக்கன் வந்தா பிள்ளைங்க துள்ளுதுங்க. என் கத்தரி காதுகிட்ட இருக்கு. உங்க கரடி வந்தா ஒரு தலையும் அசையறதில்ல. இருநூறு பிள்ளைங்க, ஒரு காதுலகூடக் கீறல் கிடையாது. எல்லாம் உங்க புண்ணியம்."